ஒரே பத்தி, இரண்டு மேசை: மொழிபெயர்ப்பும் திரைத்தழுவலும்

நாவலைத் திரைக்கதையாக்க உட்காருகிறவர்கள் முதல் இருபது பக்கத்தில் செய்வது பெரும்பாலும் மொழிபெயர்ப்புதான். முதல் அத்தியாயம் முதல் காட்சியாகிறது. வர்ணனை, திரையில் நடப்பதைச் சொல்லும் ‘ஆக்‌ஷன்’ வரியாகிறது. மேற்கோள் குறிக்குள் இருந்ததெல்லாம் அப்படியே வசனமாகிறது. அதற்கு மேல் வேலை நகராது. எதிர்ப்பக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் ‘நம் வாசகருக்குப் புரியாது’ என்று ஒரு வரி சேர்க்கிறார், இழுக்கிறது என்று ஒரு பத்தியைச் சுருக்குகிறார். தனக்கே தெரியாமல் அவர் தழுவல் வேலையில் இறங்கியிருக்கிறார்.

மூலம் ஒன்றாக இருந்தாலும் இரண்டு பேருக்கும் கணக்கு வேறு. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். திரைக்கதை எழுதுகிறவரை வாக்கியத்தைக் காட்டி யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அந்த வாக்கியங்கள் சேர்ந்து வாசகரிடம் எதை உண்டாக்கினவோ அது படம் பார்ப்பவருக்கும் கிடைத்ததா என்றுதான் கேட்பார்கள். இதை ஒரு பத்தியை வைத்தே பார்த்துவிடலாம். இதற்கென்றே எழுதிய பத்தி இது:

“அண்ணனும் தம்பியும் ஒரே பட்டறையில்தான் வேலை பார்த்தார்கள். பேச்சு நின்று பதினோரு வருஷம். அண்ணனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார். என்ன வேண்டுமென்று தம்பிக்குத் தெரியும், எடுத்து வைப்பான். அன்றைக்கு மத்தியானம் தட்டல் கேட்கவில்லை.”

முதலில் மொழிபெயர்ப்பாளரின் மேசை. ஐந்து வாக்கியம் உள்ளே போனால் ஐந்து வாக்கியம் வெளியே வருவதுதான் இங்கே நல்லது, ஏனென்றால் நீள அளவிலேயே கதை இருக்கிறது: நடுத்தரம், குட்டை, நீளம், நடுத்தரம், குட்டை. பேச்சு ஏன் நின்றது என்று மூலம் சொல்லவில்லை, எனவே மொழிபெயர்ப்பும் சொல்லக்கூடாது. ‘ஏதோ மனஸ்தாபத்தால்’ என்று இரண்டு சொல் சேர்த்தால்கூட அத்துமீறல். அண்ணன் ‘தட்டுவார்’, தம்பி ‘வைப்பான்’. அந்த ஆர் விகுதியும் ஆன் விகுதியும் வினையில் மரியாதை காட்டாத மொழிக்குப் போகும்போது காணாமல் போகும். அதை ஈடுகட்ட அண்ணனுக்கு முன்னால் ‘மதிப்புக்குரிய’ என்பது போல எதையாவது ஒட்டினால் தொனியே கெட்டுவிடும். பேசாமல் இழப்பை ஏற்றுக்கொண்டு, இன்னொரு இடத்தில், உதாரணமாகத் தம்பி அண்ணனைக் குறிப்பிடும் விதத்தில், அந்தத் தூரத்தை மீட்டெடுக்க முடிகிறதா என்று பார்ப்பதே சரி.

கடைசி வாக்கியம்தான் பொறி. ‘அண்ணன் தட்டவில்லை’ என்று அங்கே எழுதியிருக்கவில்லை. ‘தட்டல் கேட்கவில்லை’ என்றிருக்கிறது. கேட்காதது யாருக்கு? தம்பிக்கு. நாம் தம்பியின் காதுக்குள் இருக்கிறோம், அண்ணன் பக்கம் என்ன நடந்தது என்று நமக்கும் தெரியாது. அவசரத்தில் ‘அண்ணன் அன்று தட்டவில்லை’ என்று மொழிபெயர்த்தால் அகராதிப்படி பிழையில்லை. ஆனால் பார்வைக் கோணம் தம்பியை விட்டு வெளியே போய்விட்டது. அடுத்த பக்கத்தில் வரப்போகும் திகைப்பில் பாதி இங்கேயே கசிந்துவிடும்.

இப்போது அதே பத்தி திரைக்கதை மேசைக்கு வருகிறது. முதல் சிக்கல்: இரண்டு பேர் பேசாமல் வேலை செய்வதைத் திரையில் காட்டினால், வேலையில் மும்முரமாக இருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். பேசாமல் இருப்பதை நேரடியாகப் படமெடுக்க முடியாது. பேச வேண்டிய ஒரு நெருக்கடியைக் கொண்டுவந்து, அதிலும் பேசவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு மூன்றாவது ஆள் தேவை. பத்தியில் அப்படி யாரும் இல்லை, உருவாக்க வேண்டியதுதான்.

காட்சி 6. பட்டறை. உள். பகல்.

இரண்டு மேசைகள், முதுகுக்கு முதுகு. அண்ணன் ஒரு பூட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். தம்பி சாவிக்கு அரம் போடுகிறான். வாசலில் வாடிக்கையாளர்.

வாடிக்கையாளர்: சாவி எப்ப கிடைக்கும்?

அண்ணன் (பூட்டிலிருந்து கண்ணெடுக்காமல்): செய்யறவனைக் கேளுங்க.

வாடிக்கையாளர்: நீங்களே கேட்டுச் சொல்லிடுங்களேன், பக்கத்துலதானே இருக்கார்?

யாரும் பதில் சொல்லவில்லை. அரம் நிற்கிறது, மறுபடி ஓடுகிறது.

தம்பி (வாடிக்கையாளரிடம்): நாளைக்குச் சாயந்தரம் வாங்க.

அண்ணன் மேசையை இரண்டு தட்டுத் தட்டுகிறார். தம்பி திரும்பாமலே சின்னத் திருப்புளியை எடுத்துக் கையைப் பின்னால் நீட்டி வைக்கிறான்.

பதினோரு வருஷம் எங்கே போயிற்று? விட்டாயிற்று. அதை வசனத்தில் நுழைக்க வேண்டுமானால் யாராவது ஒருவர், ஏற்கெனவே தெரிந்த இருவரிடம், ‘பதினோரு வருஷமா இப்படி இருக்கீங்களே’ என்று சொல்ல வேண்டியிருக்கும். தெரிந்தவருக்குத் தெரிந்ததைச் சொல்லும் வசனம் திரையில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நாள்காட்டியில் ஆண்டைக் காட்டுவது அதைவிடச் சோம்பேறித்தனம். பார்ப்பவருக்கு எண் வேண்டாம், ‘ரொம்ப நாளாகவே இப்படித்தான்’ என்பது போதும். அதைத் திரும்பாமலே நீளும் அந்தக் கை சொல்லிவிடுகிறது.

அடுத்தது, தட்டல். ‘தட்டுவார், எடுத்து வைப்பான்’ என்பது வழக்கத்தைச் சொல்லும் வினை. கேமராவுக்கு அப்படி ஒரு காலம் கிடையாது. எதைப் படம்பிடித்தாலும் அது ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு தடவை நடந்ததாகவே தெரியும். வழக்கம் என்று உணர்த்த குறைந்தது இரண்டு தடவை காட்ட வேண்டும், அதுவும் இரண்டாம் தடவை வேறு ஒரு வேலைக்குப் பயன்பட வேண்டும்: தம்பி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது தட்டல் விழுந்து சிரிப்பை அறுக்கலாம். ஆகக் காட்சி 6, காட்சி 10, பிறகு காட்சி 15-இல் தட்டல் இல்லை. அந்த மூன்றாவது காட்சியில் கேமரா எங்கே நிற்க வேண்டும்? தம்பியின் பக்கம். முதுகுக்குப் பின்னால் இருக்கும் மேசையைக் காட்டக்கூடாது. வழக்கமான நேரத்தில் அவன் கை திருப்புளியின் பக்கம் பாதி தூரம் போய் நிற்கிறது, அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் கட்டிக்காத்த ‘கேட்கவில்லை’ இங்கே கேமரா நிற்கும் இடமாக மாறியிருக்கிறது. தழுவலில் விசுவாசம் என்று ஒன்று இருந்தால் அது இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கிறது. வசனம் மாறாமல் இருப்பதிலோ, சட்டை நிறம் நாவலில் சொன்னபடி இருப்பதிலோ இல்லை.

ஐந்து வாக்கியம் மூன்று காட்சியாகி நான்கைந்து நிமிடத்தைத் தின்றுவிட்டது. அதனால் நாவலில் வேறெங்கோ நாற்பது பக்கம் போக வேண்டும். கணக்கைப் பாருங்கள்: திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது தொழிலில் உள்ள பொதுவான மதிப்பீடு. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 150 பக்கம், அதிலும் பாதி வெள்ளைத்தாள். 300 பக்க நாவலை வாய்விட்டுப் படித்தால் எட்டு, பத்து மணி நேரம் ஆகும். ‘எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொள்வோம்’ என்று போனால் காட்சிக்கு ஒன்றரை நிமிடம் வீதம் சம்பவங்கள் ஓடும், எதுவும் தங்காது. நாவல் படித்தவருக்கு அது நினைவூட்டல், படிக்காதவருக்குச் சுருக்கம். எதை முழுசாக விடுவது என்று முடிவெடுக்காதவர்கள் போய்ச் சேருவது அங்கேதான்.

வழக்கத்தையும் இல்லாமையையும் போலவே கேமராவுக்கு வசப்படாத வேறு சில உண்டு. ‘அந்த ஊரில் யாருக்கும் அவரைப் பிடிக்காது’ என்ற பொதுக்கூற்று. அதைக் குறிப்பிட்ட ஒரு ஆளின் குறிப்பிட்ட ஒரு செயலாக மாற்ற வேண்டும். உவமை, பெரும்பாலும் விட்டுவிட வேண்டியதுதான், உவமானத்தையும் படமெடுத்து இடையில் செருகினால் கேலியாகிவிடும். கதைசொல்லியின் நக்கல், இது நடிப்பிலும் காட்சிகளை அடுக்கும் வரிசையிலும் மட்டுமே பிழைக்கும். மறைத்து வைத்த அடையாளம்: நாவலில் ‘அந்த ஆள்’ என்றே இருநூறு பக்கம் ஓட்டலாம், திரையில் முதல் ஃப்ரேமிலேயே அவருக்கு முகமும் வயசும் குரலும் வந்துவிடும். மர்மக் கதைகளைத் தழுவும்போது கடைசியில் சொன்ன இதுதான் கழுத்தை நெரிக்கும். முகத்தைக் காட்டாமலே எடுத்துப் பார்ப்பார்கள், பார்ப்பவர் ‘ஏன் காட்டமாட்டேன் என்கிறார்கள்’ என்று யோசிக்க ஆரம்பித்ததும் முடிச்சு தளர்ந்துவிடும். முகத்தைத் தாராளமாகக் காட்டிவிட்டு, அந்த முகத்தைச் சந்தேகிக்கக் காரணமே இல்லாதபடி செய்வது மேல்.

இதற்கெல்லாம் குறுக்குவழியாக எல்லோரும் ஓடுவது வாய்ஸ் ஓவருக்கு. அது தவறு என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. திரையில் தெரிவதும் குரல் சொல்வதும் ஒன்றாக இருந்தால் குரலை எடுத்துவிடலாம். இரண்டும் முரண்பட்டால் குரலுக்கு அங்கே வேலை இருக்கிறது. சோதனை எளிது: வாய்ஸ் ஓவர் வரிகளை மட்டும் அடித்துவிட்டுத் திரைக்கதையை ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்குக் கதை புரிந்தால் அந்த வரிகள் உதிரி.

வேலை முறையிலும் இரண்டு மேசையும் ஒத்துப்போவதில்லை. தழுவுகிறவர் நாவலை முதல் தடவை கையில் பேனா இல்லாமல் படிக்க வேண்டும். முடித்து ஒரு வாரம் கழித்து, புத்தகத்தைப் பார்க்காமல், நினைவில் நின்றதை மட்டும் இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும். நினைவில் நின்றது படத்தின் முதுகெலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் வாசிப்பில் சம்பவத்துக்கு ஓர் அட்டை: யார், எங்கே, என்ன மாறுகிறது. எதுவும் மாறாத சம்பவத்துக்கு அட்டை கிடையாது. பிறகு அட்டைகளை மூன்றாகப் பிரிப்பது: கண்ணால் காண்பவை, காதால் கேட்பவை, மனசுக்குள் மட்டும் நடப்பவை. மூன்றாவது கட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு புதிதாக எழுத வேண்டியிருக்கும் என்று அர்த்தம். அந்தக் கட்டுதான் பெரியது என்றால், அந்த நாவலைத் தொடாமல் விடுவதும் ஒரு முடிவு.

அதன்பின் ஒன்லைன் (கதையின் மிகச் சுருக்கமான வடிவம்), சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசைப் பட்டியல்), ட்ரீட்மெண்ட் (வசனமில்லாமல் காட்சி காட்சியாக விரித்து எழுதுவது), கடைசியில் வசனம். இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சீன் ஆர்டர் அறுபதிலிருந்து தொண்ணூறு வரை வரும். இடைவேளை விட்டுக் காட்டும் படம் என்றால் இடைவேளைக் காட்சியை முதலிலேயே குத்திவிட்டு இருபுறமும் நிரப்ப வேண்டும். நாவலுக்கு அப்படி ஒரு நடுப்புள்ளி இருக்காது, பல தழுவல்கள் அந்த இடத்தில் செயற்கையாகத் துள்ளுவதற்குக் காரணம் அதுதான். ட்ரீட்மெண்ட் எழுதும்போது புத்தகம் மேசையில் இருக்கக்கூடாது. இருந்தால் கை அதிலிருந்து வாக்கியத்தை எடுக்கும், வாக்கியம் வந்தால் காட்சி வராது. ‘அவனுக்குள் பழைய நினைவுகள் புரண்டன’ என்ற வரி திரைக்கதையில் இருந்தால், அதை எழுதியவர் இன்னும் நாவலுக்குள்ளேயே இருக்கிறார். ஒளிப்பதிவாளர் அந்த வரியை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது.

பாத்திரங்களைச் சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை. மாமா, வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர் மூவரும் கதையில் ஒரே வேலையைச் செய்தால் ஒருவராக்கிவிடலாம். ஆனால் எந்த இருவர் ஒருவரையொருவர் பொய்யராக்குகிறார்களோ அவர்களைச் சேர்த்தால் கதையின் அச்சாணி கழன்றுவிடும். நாவலின் வசனமும் ஏமாற்றும். கண்ணுக்கு இயல்பாகத் தெரிவது வாயில் நீளமாக இருக்கும். எழுதியதை நின்றுகொண்டு, நடந்துகொண்டு, உரக்கப் படித்தால் எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வெட்டு. பன்னிரண்டு வரி உரையாடல் மூன்று வரியாவது சாதாரணம்.

மொழிபெயர்ப்பாளருக்கோ புத்தகம் மூடவே கூடாது, கடைசிச் சுற்று வரை. தொடங்கும் முன் ஒரு சொற்பட்டியல்: பெயர்கள், உறவுமுறை, அடிக்கடி வரும் சொற்கள், ஒரே மாதிரி திரும்ப வரும் வாக்கியங்கள். தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் இன்னொரு அட்டவணையும் போட்டாக வேண்டும்: யார் யாரை ‘நீ’ என்பார், யாரை ‘நீங்கள்’ என்பார், எந்த அத்தியாயத்தில் அது மாறுகிறது. ஆங்கிலம் போன்ற மொழிகளில் இது எழுதப்பட்டிருக்காது, மொழிபெயர்ப்பாளர்தான் தீர்மானிக்கிறார். நடுவில் தீர்மானித்தால் எண்பதாம் பக்கத்தில் ‘நீங்கள்’ என்றவர் தொண்ணூறாம் பக்கத்தில் காரணமில்லாமல் ‘நீ’ என்பார். முதல் சுற்று வேகமாகப் போகலாம். இரண்டாம் சுற்று மூலத்தோடு வரிக்கு வரி. விடுபடல்கள் எங்கே நடக்கும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது: அருகருகே இரண்டு வாக்கியம் ஒரே சொல்லில் முடிந்தால் கண் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிடும், நடுவில் இருந்தது போய்விடும். கையால் ஏடு பெயர்த்து எழுதியவர்களும் இதே இடத்தில்தான் வழுக்கினார்கள். பக்கத்துக்குப் பக்கம் வாக்கிய எண்ணிக்கையை ஒப்பிட்டால் பெரும்பாலானவை அகப்படும். மூன்றாம் சுற்றில் மட்டும் மூலத்தை மூடிவிட்டு, உரக்கப் படித்து, தமிழாக இருக்கிறதா என்று பார்ப்பது.

சொல்லாட்சியை ‘மேம்படுத்தும்’ ஆசை மொழிபெயர்ப்பில் வரும் பெரிய வியாதி. ஆசிரியர் ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் ஏழு தடவை சொன்னால் ஏழு தடவையும் அதே சொல் வர வேண்டும்; அலுப்பூட்டுகிறது என்று ஏழு ஒத்தசொல் போட்டால் அவர் கட்டிய தாளம் போய்விடும். வட்டார வழக்கு இன்னும் வில்லங்கம். மூலத்தில் ஒரு வட்டாரப் பேச்சு இருந்தால், அதற்குப் பதிலாக இலக்கு மொழியின் ஏதோ ஒரு வட்டாரத்தைப் போட்டுவிட்டால் பாத்திரங்கள் அந்த ஊருக்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள். அது தழுவல். மொழிபெயர்ப்பாக நிற்க வேண்டுமானால், எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, ஆனால் வாயில் புழங்கும் தளர்வான பேச்சு நடையே பாதுகாப்பு.

ஒரே நாவல் இரண்டு மேசைக்கும் போனதற்குத் தமிழிலேயே கைக்கெட்டும் உதாரணம் பூமணியின் ‘வெக்கை’. 1982-இல் வந்த நாவல். கொலைக்குப் பிறகு தந்தையும் மகனும் ஊருக்கு வெளியே ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. 2019-இல் என். கல்யாண் ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெற்றிமாறனின் ‘அசுரன்’ படமும் வந்தன. மொழிபெயர்ப்பில் அந்த நாட்கள் அந்த வரிசையில், அந்த நிதானத்தில் இருந்தாக வேண்டும். கரிசல் பேச்சு ஆங்கிலத்தில் என்ன ஆகிறது என்பதுதான் அங்கே போராட்டம். படத்தில் தந்தையின் இளமைக்காலம் நீண்ட பின்கதையாக விரிந்து, படத்தின் எடையே மகனிடமிருந்து தந்தைக்கு நகர்ந்தது. இதை மொழிபெயர்ப்பில் செய்திருந்தால் மோசடி. திரையில் அது ஒரு முடிவு, பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். நாவலையும் படத்தையும் அருகருகே வைத்து, எந்தக் காட்சிக்கு நாவலில் வேர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று இரண்டு பட்டியலாகக் குறித்துப் பார்ப்பது கற்றுக்கொள்கிறவர்களுக்கு நல்ல பயிற்சி.

உரிமை விஷயத்திலும் இவை தனித்தனிக் கதவுகள். பதிப்புரிமைக்காக நாடுகள் சேர்ந்து 1886-இல் உருவாக்கிய பெர்ன் உடன்படிக்கையில் மொழிபெயர்க்கும் உரிமை 8-ஆம் பிரிவில் வருகிறது, திரைப்படமாக்கும் உரிமை 14-ஆம் பிரிவில். ஒன்றை வாங்கினால் மற்றது கூட வராது. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்ற நினைப்புக்குப் பழைய பாடம் 1922-இல் ஜெர்மனியில் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வை அனுமதியில்லாமல் எடுத்தார்கள், பாத்திரப் பெயர்களை மாற்றினார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார், பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. சில பிரதிகள் தப்பியதால் படம் இன்றும் இருக்கிறது.

மொழிபெயர்ப்பு ஒப்பந்தத்தில் எந்த மொழி, எத்தனை ஆண்டு, அச்சா மின்னூலா ஒலிநூலா என்று தனித்தனியாக இருக்க வேண்டும். திரை உரிமையில் முதலில் குறிப்பிட்ட காலத்துக்கு ‘ஆப்ஷன்’ (வேறு யாருக்கும் கொடுக்காமல் நாவலை ஒதுக்கி வைப்பது), பிறகு முழு உரிமை. அந்தக் காலத்துக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும் என்ற வரி இல்லையென்றால் நாவல் வருஷக்கணக்கில் யாருடைய அலமாரியிலாவது தூங்கும். மறு ஆக்கம், டப்பிங், தொடர், அடுத்த பாகம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பேச வேண்டும். அடிக்கடி தவறவிடுவது இது: வேற்றுமொழி நாவலை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, அந்த மொழிபெயர்ப்பின் வாக்கியங்களை வசனமாக எடுத்தால் மூல ஆசிரியரின் அனுமதி மட்டும் போதாது. மொழிபெயர்ப்பும் பெர்ன் உடன்படிக்கையின்படி தனிப் படைப்பாகவே பாதுகாக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடமும் கேட்க வேண்டும்.

படம் முடிந்து வசன வரி (திரையின் அடியில் வரும் சப்டைட்டில்) எழுதும் கட்டம் வரும்போது இரண்டு வேலையும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும். நாவலுக்கு ஏற்கெனவே நல்ல மொழிபெயர்ப்பு இருக்கும், அதிலிருந்து வசனங்களை எடுத்து வசன வரியில் ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஒட்டாது. ஆங்கிலம் போன்ற மொழிகளில் வசன வரிக்கு வழக்கமான வரம்பு இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்துக்குறி, அதிகபட்சம் ஆறேழு நொடி, நொடிக்கு 17 குறி அளவில் வாசிப்பு வேகம். இரண்டு நொடியில் நடிகர் கொட்டிவிடும் வசனத்துக்கு 34 குறிதான் கிடைக்கும். புத்தக மொழிபெயர்ப்பில் அது 90 குறியாக இருக்கும். மேலும் அந்த வசனம் திரைக்கு வரும் வழியிலேயே மாறிவிட்டிருக்கும்: யாரிடம் சொல்கிறார், எதைப் பார்த்துச் சொல்கிறார் எல்லாம் வேறு. எனவே வசன வரி எழுதுகிறவர் நாவலைத் தள்ளிவைத்துவிட்டு, நடிகரின் வாயையும் நொடிக் கணக்கையும் பார்த்து முதலிலிருந்து எழுத வேண்டும். பெயர்களின் எழுத்துக்கூட்டலை மட்டும் புத்தகத்தோடு சரிபார்த்துக்கொள்ளலாம்.